பழைய ஆம்னியில் ‘டொக்’கும் ‘கீச்’சும்: சஸ்பென்ஷன் சத்தத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1984-ல் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் வந்த ஆம்னியின் உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டது. இனி ரோட்டில் ஓடுகிற எந்த ஆம்னியும் புதிது கிடையாது. ஆனாலும் காய்கறி, டிபன் பாத்திரம், ஸ்பீக்கர் பெட்டி என்று எதையாவது சுமந்து யாருக்காவது சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் அடியிலிருந்து சத்தம் வந்தால், தேவையில்லாத பாகத்துக்குக் காசு கொடுக்க வேண்டி வரக்கூடாது.

பெரும்பாலும் நடப்பது அதுதான். ‘டொக்’ என்று கேட்டதும் நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிடுகிறார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. ஷாக் அப்சார்பர் போய்விட்டால் அது வேறு விதமாகத் தெரியும்: ஸ்பீடு பிரேக்கர் தாண்டிய பிறகும் வண்டி எழும்பி எழும்பி அடங்கும், ஷாக்கின் மேல் எண்ணெய் கசிந்த தடம் இருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால் முதலில் அதன் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை, அதாவது இணைப்பில் உலோகம் உலோகத்தோடு உரசாமல் தாங்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பானர் பை, ஸ்டெப்னி, கேஸ் டேங்கைப் பிடிக்கும் பட்டை, ஸ்லைடிங் கதவின் ரோலர் எல்லாமே பள்ளத்தில் இறங்கும்போது சஸ்பென்ஷன் போலவே அடிக்கும். இதைச் சரிபார்க்காமல் வண்டிக்கு அடியில் படுப்பது வீண் வேலை.

அடுத்த தவறு, சத்தம் எப்போது வருகிறது என்று கவனிக்காமலே மெக்கானிக்கிடம் போய் நிற்பது. என்னைக் கேட்டால், பாதி வேலை இந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு பிடிக்கும் கை) புஷ்ஷைச் சந்தேகப்படலாம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முறுக்கிக்கொண்டு ‘டங்’ என்று விட்டால், ஸ்ட்ரட்டின் (முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட். சின்னச் சின்னக் கல் மேல் போகும்போது லொடலொட என்றால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கம்பியின் முனை), பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குண்டு மூட்டு). கிளட்ச்சை விட்டதும் பின்னாலிருந்து ‘டக்’ என்றால் அது சஸ்பென்ஷனாகவே இல்லாமல் இருக்கலாம். ஆம்னிக்குப் பின்சக்கரத்தில்தான் இழுவை, இன்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (அதன் மூட்டு) தேய்ந்தால் இப்படித்தான் அடிக்கும். ஆல்டோ போன்ற முன்சக்கர இழுவை வண்டி ஓட்டிப் பழகியவர்கள், வளைவில் சத்தம் கேட்டதும் முன் ஆக்ஸில் ஜாயிண்ட் என்கிறார்கள். ஆம்னியில் அப்படி ஒரு பாகமே கிடையாது.

காதை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஆம்னி டிரைவர் கிட்டத்தட்ட முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார், சீட்டுக்கு அடியில் இன்ஜின். தகரம் வழியாகச் சத்தம் எங்கெங்கோ பரவும். நின்ற வண்டியை ஒருவர் பம்பரைப் பிடித்து அமுக்கி ஆட்ட, இன்னொருவர் வெளியிலிருந்தே ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்த்தால், ஆடுகிற இடம் கையில் ‘டிக்’கென்று தெரியும். விரல் நசுங்குகிற இடங்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியில் தூக்கிவிட்டு மட்டும் பார்ப்பவர்கள் பலர். சக்கரம் தொங்கும்போது ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டு இறுகி நிற்கும், தேய்மானம் மறைந்துவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போதும் ஒரு முறை பாருங்கள். டை ராட் எண்டுக்கு, ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தால் போதும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஸ்டாண்ட் வையுங்கள், தரையில் நிற்கும் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

‘கீச்’ சத்தத்துக்கு எல்லோரும் செய்யும் வைத்தியம் பழைய ஆயிலை அடிப்பது. ரெண்டு நாள் அமைதியாக இருக்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி, உப்பி, சீக்கிரமே பிய்ந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பாட்டில் தண்ணீர் போதும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) முன் கண், அதன் பின் முனையைத் தாங்கும் ஷேக்கிள், ஷாக் முனை என்று ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து வண்டியை ஆட்டிப் பாருங்கள். எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்தால் எதுவும் தெரியாது. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவில்தான் கீச்சென்றால், கழற்றிச் சுத்தம் செய்து கிராஃபைட் கிரீஸ் வைக்கலாம், புஷ்ஷில் படாமல்.

மாற்றும்போதும் ஒவ்வொன்றாக மாற்றி, அதே தெருவில் அதே ஸ்பீடு பிரேக்கரில் ஓட்டிப் பாருங்கள். புது புஷ் போட்டதும் சக்கரம் தொங்கியபடியே போல்ட்டை இறுக்கிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். ஸ்ட்ரட்டின் மேல் நடு நட்டை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் அது தெறித்து ஆளையே சாய்த்துவிடும். முன்பக்கம் ஸ்ட்ரட்டோ டை ராட் எண்டோ மாற்றினால் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள்.

காய்ந்த புஷ்ஷின் ‘கீச்’ கொஞ்ச நாள் பொறுக்கும். பால் ஜாயிண்ட் ஆடினால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள், கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். பின்பக்க ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டும் அப்படித்தான். அது தளர்ந்து, ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் முறிந்தால் ஆக்ஸில் இடம் மாறி வண்டி கோணலாக ஓடும். ஸ்பிரிங் வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், யூ போல்ட்டை மறுபடி ஒரு முறை இறுக்கச் சொல்லுங்கள்.