மதிப்பீட்டு வரியிலிருந்து வட்டாரத் தீயணைப்புப் படைக்குப் பணம் கேட்பது எப்படி

"ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநகர் கழகத்துக்கு வரி கட்டுகிறோமே, அப்புறம் ஏன் நன்கொடை கேட்டு வருகிறீர்கள்?" மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் எங்கள் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குப் பொருளாளராக இருக்கும் என்னிடம் அண்டை வீட்டார் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான். பதில் தெரிந்தால் பணம் கேட்கும் வழியும் தெரிந்துவிடும்.

முதலில், யார் பணம் எங்கே போகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். 1976 ஜனவரி 1 முதல் தீயணைப்புச் சேவை கூட்டரசின் பொறுப்பு. அதற்கு முன் ஜார்ஜ்டவுன் மாநகராட்சியே தனக்கென்று ஒரு தீயணைப்புப் படையை வைத்திருந்தது; லெபு பந்தாயில் கோபுரத்தோடு நிற்கும் பழைய நிலையம் அந்தக் காலத்துச் சொத்து. இன்று பொம்பா எனப்படும் அரசுத் தீயணைப்புத் துறை வீரர்களின் சம்பளம் கூட்டரசு வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. அரசு மருத்துவமனை ஆம்புலன்சுகளின் செலவைச் சுகாதார அமைச்சு ஏற்கிறது. வீடு, கடைகளுக்காக நாம் கட்டும் மதிப்பீட்டு வரி குப்பை, வடிகால், தெருவிளக்கு, பூங்கா என்று மாநகர் கழகத்தின் வேலைகளுக்குப் போகிறது. தன்னார்வப் படைகளும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகளும் பெரும்பாலும் நன்கொடையை நம்பியே வண்டி ஓட்டுகின்றன.

அமெரிக்காவின் பல ஊர்களில் தீயணைப்புக்கென்றே தனி வரி வட்டாரம் உண்டு. சொத்து வரியை உயர்த்த மக்களே வாக்களிக்கிறார்கள். இங்கே அந்த வழி இல்லை. 1976 ஊராட்சிச் சட்டப்படி வரி விகிதத்தை மாநில அரசின் ஒப்புதலோடு ஊராட்சி மன்றம், அதாவது இங்கே மாநகர் கழகம், விதிக்கிறது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டதிலிருந்து மன்ற உறுப்பினர்களும் நியமனம் பெற்றவர்களே. எனவே "தனி வரி வேண்டும்" என்று கையெழுத்து வேட்டை நடத்தி வீணாகக் களைப்படையாதீர்கள். ஏற்கெனவே வசூலாகும் வரியிலிருந்து ஆண்டு ஒதுக்கீடு கேளுங்கள்.

எவ்வளவு கேட்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உங்கள் வரி பில்லை எடுத்து, ஆண்டு மதிப்பு என்ற எண்ணைப் பாருங்கள். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகைதான் அது. அதில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடுதான் வரி. சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு 35 விழுக்காடு, நடைமுறையில் மிகக் குறைவு. ஓர் உதாரணம்: மாத வாடகை மதிப்பு 600 ரிங்கிட் என்றால் ஆண்டு மதிப்பு 7,200. அதில் கால் விழுக்காட்டை மட்டும் படைக்குக் கேட்டால் 18 ரிங்கிட். இப்படிப்பட்ட ஆயிரம் வீடுகளிலிருந்து 18,000 ரிங்கிட். புதிய தீயணைப்பு வண்டி வாங்க இது காணாது. ஆனால் டீசல், வாகனக் காப்புறுதி, நீர்க்குழாய் மாற்றுவது, ஆம்புலன்சின் ஆக்சிஜன் கலன் நிரப்புவது ஆகியவற்றில் பெரும் பங்கைத் தாங்கும். வீட்டுக்கு ஆண்டுக்கு 18 ரிங்கிட் என்று சொன்னால் மன்ற உறுப்பினர் காது கொடுப்பார். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் தள்ளிப்போடுவார்.

அடுத்தது காலம். அடுத்த ஆண்டின் வரவு செலவு மதிப்பீட்டை மாநகர் கழகம் அந்த ஆண்டு பிறப்பதற்கு முன்பே முடித்துவிடும். டிசம்பரில் போய் நின்றால் கதவு மூடியிருக்கும். ஆண்டின் நடுவிலேயே உங்கள் பகுதி மன்ற உறுப்பினரையும் சட்டமன்ற உறுப்பினரையும் பாருங்கள். மாநகர் கழகத்தின் முழுக் கூட்டம் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்தது. போய் உட்கார்ந்து கவனியுங்கள். எந்த உறுப்பினர் எதற்குக் குரல் கொடுக்கிறார் என்பது அங்கேதான் புரியும்.

கடிதத்தோடு படையின் பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, அழைப்புப் பதிவேடு மூன்றும் இருக்க வேண்டும். பதிவேட்டில் அழைப்பு வந்த நேரமும் இடத்தைச் சேர்ந்த நேரமும் அவசியம். தண்ணீர்மலைச் சாலை தைப்பூச நெரிசலில் அடைபட்டிருக்கும்போது பக்கத்துத் தெருப் படை எத்தனை நிமிடம் முந்துகிறது என்பதை அந்த இரண்டு எண்கள் காட்டும். உருக்கமான பத்திகளுக்கு அந்த வலிமை கிடையாது. ஆண்டுதோறும் வரும் செலவையும் ஒரே முறை வாங்கும் பொருளையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் முழுக் கோரிக்கையும் ஒத்திவைக்கப்படும்.

இன்னும் இரண்டு வழிகளைப் பலர் கவனிப்பதில்லை. இலாப நோக்கமில்லாமல் பொது அறப்பணிக்குப் பயன்படும் இடத்துக்கு அதே ஊராட்சிச் சட்டத்தின் 134ஆம் பிரிவு வரிவிலக்கு கோர இடம் தருகிறது. உங்கள் வண்டிக் கொட்டகைக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் கிடைத்தால் நன்கொடையாளருக்கும் வரிக் கழிவு உண்டு. கடைக்காரர்கள் தரும் தொகை அதனால் கூடும்.

ஒதுக்கீடு கிடைத்தால் அதைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் குடியிருப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டி, நகலை மன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். மறு ஆண்டு விண்ணப்பத்தோடு அதே தாள்களைத்தான் இணைக்கப் போகிறீர்கள்.