இருவராகப் போய் ஒருவராகத் திரும்பும்போது: ஏற்காட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து கணவனும் மனைவியும் ஒரே காரில் ஏற்காடு போகிறார்கள். இரண்டு இரவு தங்கல். ஊர் திரும்பும் நாளில் கணவருக்குக் கோவையில் வேலை இருக்கிறது. சேலம் ஜங்ஷனில் ரயிலேறிவிடுகிறார். அங்கிருந்து சென்னை வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டரை மனைவி தனியாக ஓட்டி வர வேண்டும். ஓட்டுவது கணவராக இருந்து மனைவி ரயிலேறினாலும் கதை இதுதான். அறை எங்கே, சாப்பாடு எங்கே என்று வாரக்கணக்கில் பேசி முடிவெடுப்பவர்கள், திரும்பும் வழியைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை. போனபடியே வந்துவிடலாம் என்பது நினைப்பு. ஆனால் போகும்போது காரில் இருவர் வேலை செய்தார்கள். வரும்போது அந்த வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது.

முதல் தவறு மலையிலேயே தொடங்குகிறது. ஏற்காடு சின்ன ஊர். ஏரி, பகோடா முனை, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட முடியும். முடியும் என்பதற்காக முடிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஓய்வுக்கு வந்துவிட்டுக் கைப்பேசியில் பட்டியல் பார்த்து ஓடுகிறவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அதிலும் கிளியூர் அருவியைக் கடைசி நாள் காலைக்கு வைத்துக்கொள்வது கூடவே கூடாது. செங்குத்தாக இறங்கி, அதே வழியில் மூச்சு வாங்க ஏற வேண்டும். ஏறி வந்த கால் சற்று நேரத்துக்கு நடுங்கிக்கொண்டிருக்கும். அதே காலால்தான் அடுத்த ஒரு மணி நேரம் பிரேக் மிதிக்க வேண்டும்.

இரண்டாவது, நேரத்தை ரயிலுக்கு ஒப்படைத்துவிடுவது. மாலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, "அதுவரை சேர்ந்தே இருக்கலாமே" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து மணிக்கு அவரை ஏற்றிவிட்டுப் புறப்பட்டால், வாழப்பாடி தாண்டியதும் இருட்டத் தொடங்கிவிடும். மீதி வழி முழுக்க எதிர்வெளிச்சத்தில் ஓட்ட வேண்டும். கோவைக்குச் சேலத்திலிருந்து காலையிலும் வண்டிகள் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே தனியாக ஓட்டப் போகிறவரின் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஏழு மணிக்கு மலையை விட்டு இறங்கினால், வழியில் நின்று நிதானமாக வந்தாலும் பகல் வெளிச்சத்தில் செங்கல்பட்டைத் தொட்டுவிடலாம். இன்னும் அரை நாள் சேர்ந்து இருக்க ஆசை என்றால் ஒரு நாள் விடுப்பு கூட்டிக்கொள்வதே மேல்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பயந்து ஏறுகிறவர்கள், இறங்கும்போது அசட்டையாக இருக்கிறார்கள். உண்மையில் ஆபத்து இறக்கத்தில்தான் அதிகம். மூன்றாவது, நான்காவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பிரேக் சூடேறி அதன் பிடிப்புக் குறையும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வேகத்தை இன்ஜினே பிடித்து வைக்கும். ஆட்டோமேட்டிக் காரிலும் குறைந்த கியருக்கு மாற்றும் வசதி இருக்கும். அது எங்கே என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எரிபொருளை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் உருட்டுவது வடிகட்டிய முட்டாள்தனம். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மரியாதை மட்டுமல்ல, மலைச்சாலையின் விதியும் அதுதான்.

மாத்திரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வளைவுகளில் வாந்தி வராமலிருக்க அவோமின் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து வருபவருக்கு அதனால் கெடுதல் இல்லை, தூங்கிக்கொண்டே வரலாம். ஓட்டுகிறவருக்கு அது ஆகாது. அதன் மயக்கம் மலையடிவாரத்தோடு முடியாது, பல மணி நேரம் நீடிக்கும். மலைக் குளிரில் பிடித்த சளிக்குப் போடும் செட்டிரிசினும் பலருக்குத் தூக்கத்தைத் தரும். முதல் நாள் இரவு போட்டது மறுநாள் காலையில் மிச்சமிருப்பவர்களும் உண்டு.

இனி அந்தக் காலி இருக்கை. போகும்போது அங்கே உட்கார்ந்திருந்தவர் சும்மா வரவில்லை. வழி பார்த்தார், பாட்டிலைத் திறந்து கொடுத்தார், அழைப்புகளுக்குப் பதில் சொன்னார், "லாரி வருகிறது, பொறு" என்றார். அவர் இறங்கியதும் அந்த இடத்தில் கைப்பை, முறுக்குப் பொட்டலம், காப்பிப்பொடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் குடியேறுகின்றன. ஒரு திருப்பத்தில் பாட்டில் சரிந்து கீழே விழுந்து, உருண்டு வந்து பிரேக் மிதிக்கு அடியில் போய் நிற்கும். மிதித்தால் பாதிதான் இறங்கும். தளர்வான எதுவும் முன்னால் இருக்கக் கூடாது. பாட்டிலுக்குக் கதவிலோ நடுவிலோ இருக்கும் குழிதான் இடம்.

இன்னொரு சங்கதி ஃபாஸ்டேக். பல வீடுகளில் கார் ஒருவர் பெயரில், கணக்கு ஒருவர் எண்ணில் இருக்கும். சுங்கச்சாவடியில் பணம் போதவில்லை என்று சிவப்பு விளக்கு எரியும்போது, அந்தக் கணக்கைத் திறக்கத் தேவையான ஓடிபி கோவை ரயிலில் தூங்கிக்கொண்டிருப்பவரின் கைப்பேசிக்குப் போகும். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். சேலத்திலேயே இருப்பைப் பார்த்து நிரப்பிவிடுங்கள்.

விசாரிப்பு அழைப்புகளும் ஒரு தொல்லை. அக்கறையோடுதான் அரை மணிக்கு ஒருமுறை "எங்கே வருகிறாய்?" என்று கேட்கிறார்கள். ப்ளூடூத்தில் பேசினாலும் கவனம் சிதறத்தான் செய்யும். ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் ஆகிய மூன்று இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டுத் தானே பேசுவதாகச் சொல்லிவிடலாம். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. அதையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், உடல் இயல்பாகவே சோர்கிற நேரம். கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. தூக்கம் வரும்போது பேச்சுக் கொடுத்து எழுப்பும் ஆளும் இப்போது இல்லை. கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லை என்று தோன்றினால் உடனே ஓட்டல் வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்துங்கள். ஒரு காப்பி குடித்துவிட்டு, கதவுகளைப் பூட்டி, இருபது நிமிடம் கண் மூடுங்கள். காப்பி வேலை செய்யத் தொடங்க அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும்.

கடைசித் தவறு, ஞாயிறு மாலையில் ஊருக்குள் நுழைவது. பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை தென் மாவட்டமே திரும்பிக்கொண்டிருக்கும். களைத்துப்போன காலுக்குக் கிளட்ச் மிதித்தே வலி வந்துவிடும். பூந்தமல்லிப் பக்கம் போகிறவர்கள் சிங்கப்பெருமாள்கோவிலில் இடதுபுறம் ஒரகடம் சாலையில் திரும்பிவிடலாம். ஆவடிக்காரர்களுக்கு வண்டலூரில் வெளிவட்டச் சாலை இருக்கிறது. தாம்பரத்துக்காரர்களுக்கு மட்டும் குறுக்குவழி எதுவும் கிடையாது. அவர்கள் மதியத்துக்குள் வந்து சேர்வதுதான் வழி.