பிள்ளைக்குப் பழனி என்று பெயர் வைக்கும் முன்

போன வாரம் இ-சேவை மையத்தில் என் மேசைக்கு ஓர் இளம் தகப்பன் வந்தார். "பழனிவேல்னு போடுங்கண்ணே, இங்கிலீஷ்ல எப்படி வந்தாலும் சரி" என்றார். தட்டச்சு செய்த கை நின்றுவிட்டது. என் மகன் பிறந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். இந்தப் பெயரை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஊர்ப்பெயர் பழசு என்று தயங்குவது

தயங்காதீர்கள். ப. சிதம்பரத்தின் அப்பா பழனியப்பன். இரண்டுமே கோயில் ஊர்கள்தான்.

கதையோடு நிறுத்திக்கொள்வது

ஞானப்பழத்துக்காகக் கோபித்துப் போன முருகனைப் 'பழம் நீ' என்று தேற்றிய கதையைப் பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கூடவே, அகநானூற்றின் முதல் பாட்டில் சங்கப் புலவர் மாமூலனார் 'பொதினி' என்று பாடுவதையும் சொல்லுங்கள். நெடுவேள் ஆவி என்ற குறுநிலத் தலைவனின் மலை அது. பொதினியே பழனி ஆயிற்று என்பார்கள் அறிஞர்கள். நேர்த்திக்கடனுக்கு வைத்த பழனிச்சாமியும் பழனியாண்டியும் பழனியம்மாளும் கொங்குநாட்டில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களோடு மலேசியாவுக்கும் அந்தப் பெயர் போனது.

ழகரத்தை அடுத்தவர் கையில் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிகிறது. பிறப்புச் சான்றிதழில் ஆஸ்பத்திரிக்காரர் 'எல்' போட்டார். பள்ளி விண்ணப்பத்தில் தமிழ்ப் பற்றோடு நானே 'இசட் எச்' எழுதினேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அதுவே வந்தது. ஆதாரில் வெறும் 'இசட்'. ஒரே பையன், மூன்று பெயர். வெளிநாட்டு வேலை கிடைத்தபோது பாஸ்போர்ட் நின்றுபோனது. உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு என்று மாதக்கணக்கில் அலைந்தோம். எல்லாம் கைக்கு வந்தபோது அந்த வேலைக்கு வேறொருவர் போயிருந்தார். மகன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரசே இதில் தடுமாறியிருக்கிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு மாற்றி ஆணையிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. 'எல்' வைத்தாலும் சரி, 'இசட் எச்' வைத்தாலும் சரி. ஒன்றை முடிவுசெய்து, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை அதையே எழுதுங்கள்.

அவசரப்படுவது

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

இனிஷியலை அப்புறம் பார்க்கலாம் என்பது

கூடாது.

அந்தத் தம்பியிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன். வெளியே போய் மனைவிக்குப் போன் போட்டு, சுவரில் தாளை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டு வந்தார். 'எல்'தான். அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தேன்.