தொப்புளுக்கு மேல் மூன்று விரல்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். சுகப்பிரசவமாகி இரண்டு மாதம் ஆகியும் எனக்கு வயிறு ஐந்து மாதம் போலவே இருந்தது. கைப்பேசியில் பார்த்து, படுத்து எழும் பயிற்சியைத் தினமும் செய்தேன். இடுப்புவலி வந்ததுதான் மிச்சம். தும்மினால் சிறுநீர் வேறு சொட்டியது.

பிசியோதெரபிஸ்ட் என்னை முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே அவர் விரல் வைத்து அழுத்தியதும், தசைகளுக்கு நடுவே மூன்று விரல் அகலத்துக்கு இறங்கியது. கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லையாம். படுத்து எழும்போது நடுவயிறு கூம்பாகத் தள்ளியதற்கும் அதுதான் காரணம். முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பயிற்சியை நிறுத்தினேன். அதற்குப் பதில் அவர் சொல்லித் தந்தது இது: மூச்சை வெளியே விட்டபடி, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசையை மேலே இழுத்து 5 விநாடி பிடித்து, முழுசாகத் தளர்த்த வேண்டும். பத்து முறை, மூன்று வேளை, பாப்பாவுக்குப் பால் கொடுத்த கையோடு செய்தேன். அப்புறம் மாலையில் ஏரிப் பக்கம் 10 நிமிட நடை. மெல்ல அரை மணி ஆக்கினேன்.

சாப்பாட்டில்தான் அம்மாவோடு இழுபறி. பத்தியம் என்று ரசம் சாதமும் அளந்த தண்ணீரும். "பால் கொடுக்கிறவளுக்கு முதல் 6 மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேணும்மா" என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரையைக் காட்டினேன். சரி என்று பூண்டுக் குழம்போடு முட்டை, பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கஞ்சி எல்லாம் வந்தன. இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு சேர்க்காமல் 180 நாளும் போட்டேன்.

ஐந்தாம் மாதம் பார்த்தபோது ஒரு விரல்தான் இறங்கியது. இப்போது பயமில்லாமல் தும்முகிறேன்.