பெரிய எழுத்தானாலும் குறியை விடக் கூடாது

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் தீமிதி அழைப்பிதழோ சங்கத்தின் ஆண்டு மலரோ அச்சுக்குப் போகும்போது, பிரெஞ்சு ஊர்ப்பெயர்களை முழுக்கப் பெரிய (கேபிடல்) எழுத்துகளில் அமைப்பது வழக்கம். சேன்-ஆந்த்ரே என்ற ஊர்ப்பெயரின் கடைசி ‘ஈ’ (எழுத்துகளை இங்கே ஆங்கிலப் பெயரால் குறிக்கிறோம்: ‘ஈ’ என்பது E, ‘ஏ’ என்பது A) தன் மேற்குறியை, அதாவது அக்சென்டை, இழப்பது அங்கேதான். பெரிய எழுத்துக்கு அக்சென்ட் வேண்டாம் என்பது விதியன்று. பழைய பிரெஞ்சுத் தட்டச்சுப் பொறியில் குறியிட்ட சிறிய எழுத்துகளுக்கு விசை இருந்தது, பெரிய எழுத்துகளுக்கு இல்லை; அந்தக் குறைபாடே நாளடைவில் விதிபோல ஆகிவிட்டது. குறி எழுத்துக்கூட்டலின் பகுதி என்பதே பிரெஞ்சு மொழிக்கான அமைப்பாகிய பிரெஞ்சு அகாதமியின் நிலை. ஸ்பானிய அகாதமியும் பெரிய எழுத்துக்கு ஒருபோதும் விலக்கு அளித்ததில்லை.

மலரில் ஸ்பெயின் பயணக் கட்டுரை இடம்பெற்றால், முதலில் எந்த மொழி வடிவத்தை எழுதுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். ஸ்பானியத்தில் குறியே இல்லாத செவியா, பிரெஞ்சில் செவீல் ஆகும்போது முதல் ‘ஈ’யின் மேல் குறி பெறுகிறது, குறியுள்ள கோர்தோபாவோ, பிரெஞ்சில் கோர்து ஆகி அதை இழக்கிறது. இரண்டையும் கலந்து எழுதுவதைவிட ஒன்றைத் தவறாமல் பின்பற்றுவது மேல்.

ஸ்பானிய வடிவமென்றால் விதி எளிது. உயிரெழுத்து, ‘என்’, ‘எஸ்’ ஆகியவற்றில் முடியும் சொல்லில் ஈற்றயல் அசை அழுத்தம் பெறும். மற்றவற்றில் கடைசி அசை பெறும். இதற்கு மாறாக ஒலித்தால் பொதுவாக அந்த அசையின் உயிரெழுத்தில் குறி வரும். ஆகவே மத்ரித்துக்குக் குறி இல்லை; பனாமா, பொகோத்தா ஆகியவற்றின் கடைசி ‘ஏ’யிலும் காதிஸின் முதல் ‘ஏ’யிலும் உண்டு. சிலியிலுள்ள லோஸ் ஆங்ஹெலெஸுக்குக் குறி உண்டு. அமெரிக்க நகரமான லாஸ் ஏஞ்சலஸை ஆங்கில வழக்கில் குறியின்றியே எழுதுகிறார்கள். எஸ்பாஞாவில் ‘என்’ மேலுள்ள வளைகோடு அழுத்தக் குறியன்று, அது தனி எழுத்து. அதை விட்டால் எழுத்தே மாறிவிடும்.

விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி, வலப்புற எண் பலகையில் 0201 தட்டினால் குறியிட்ட பெரிய ‘ஈ’ வரும். ‘ஏ’க்கு 0193, ‘ஓ’வுக்கு 0211, வளைகோட்டு ‘என்’னுக்கு 0209, ரெயூனியனின் மற்றோர் ஊரான சேன்-பெனுவாவின் தொப்பிக் குறி ‘ஐ’க்கு 0206. கைப்பேசியில் ஷிஃப்டை அழுத்திவிட்டு எழுத்தைச் சற்று நேரம் பிடித்திருந்தால் போதும். முதலெழுத்துகளால் ஆன சுருக்கப் பெயர்களுக்கு மட்டும் ஸ்பானியத்தில் குறி இடுவதில்லை.