யெதிதியா: குழந்தைக்கு இந்தப் பெயரை வைக்குமுன்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஞானஸ்நானப் பெயர் தேடும்போது தானியேலும் சாமுவேலும்தான் முதலில் வரும். அரிதான எபிரெயப் பெயர் வேண்டுமென்றால் யெதிதியா இருக்கிறது.

முதலில் வசனத்தைப் பாருங்கள்: 2 சாமுவேல் 12:25. சாலொமோன் பிறந்தபோது தீர்க்கதரிசி நாத்தான் இட்ட பெயர் இது. பிறகு பெயரைப் பிரியுங்கள். எபிரெயத்தில் ஆறே எழுத்து; 'யெதித்' என்றால் பிரியமானவன், 'யா' கர்த்தருடைய பெயரின் சுருக்கம். கர்த்தருக்குப் பிரியமானவன். யோசியா ராஜாவின் தாய் பெயரும் இதே வேர்தான். எதுத்தூன் வேறு ஆள், தாவீது காலத்துப் பாடகர், குழப்பிக்கொள்ள வேண்டாம். 'யா' என்று முடிந்தாலே எபிரெயம் என்றும் நினைத்துவிடாதீர்கள், அந்திரேயா கிரேக்கப் பெயர்.

சிக்கல் எழுத்தில்தான். பெயரில் வரும் 'தி' எபிரெயத்தில் 'தம்பி'யின் த போன்ற ஒலி அல்ல, ஆங்கில 'd'க்கு நெருங்கிய மெல்லொலி. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுபவர் 'ஜெடிடையா' ஆக்கிவிடுவார். சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றாகிவிடும். இரு மொழி எழுத்தையும் தாளில் எழுதியே நகராட்சியில் கொடுங்கள். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம்.

கடைசியாக, தேயிலைச் சரிவின் மேலிருந்து ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். மூடுபனியில் 'யெதீ' மட்டுந்தான் கீழே போய்ச் சேரும். வீட்டில் அதுவே செல்லப்பெயராக நின்றுவிடும்.