படம் முடிந்ததும் யாரும் எழுந்து போகாமல் இருக்க

மாதம் ஒரு படம் போட்டு, முடிந்ததும் அரங்கிலேயே உட்கார்ந்து பேசும் குழு ஒன்றை ஆறு வருடமாக நடத்துகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன படம் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "படம் முடிந்த பிறகு தியேட்டர் எவ்வளவு நேரம் உங்கள் கையில் இருக்கும்?"

மேலாளரிடம் பேசும்போது 90 நிமிடப் படத்துக்கு 150 நிமிடம் கேளுங்கள். கூட்டம் குறைவாக வரும் வாரநாள் மாலையாகப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அடுத்த ஷோவுக்கு ஆட்கள் கதவருகே நிற்கும்போது எந்தப் பேச்சும் ஓடாது.

அடுத்தது உரிமை. காசு கொடுத்து வாங்கிய டிவிடியும் சந்தா கட்டிப் பார்க்கும் தளமும் வீட்டில் பார்ப்பதற்குத்தான். அரங்கில் திரையிட, உரிமை வைத்திருப்பவரிடமோ விநியோகஸ்தரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பழைய படம் என்றால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடவே வாரக்கணக்கில் ஆகலாம்.

இப்போது படங்கள் தியேட்டருக்கு டிசிபி என்ற டிஜிட்டல் வடிவில் வருகின்றன. பூட்டி வரும் டிசிபியைத் திறக்க ஒரு கீ தேவை. அது குறிப்பிட்ட கருவிக்கு, குறிப்பிட்ட நாள் நேரத்துக்கு மட்டுமே வேலை செய்யும். ஒருமுறை எங்களுக்கு வந்த கீ வேறு திரையின் கருவிக்கானது. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் படம் ஓடியது. பேச நேரமே இல்லை. அன்றிலிருந்து முந்தைய நாளே ஆபரேட்டரோடு உட்கார்ந்து முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். சப்டைட்டில் வருகிறதா, திரையின் ஓரத்தில் வெட்டுப்படுகிறதா, வசனம் கடைசி வரிசை வரை கேட்கிறதா என்று பாருங்கள். ஆபரேட்டரைக் குழுவில் ஒருவராகவே நினையுங்கள். அவர் மனது வைத்தால்தான் எல்லாம் நடக்கும்.

சரி, பேச்சுக்கு வருவோம். தியேட்டர் இருக்கைகள் எல்லாம் திரையைப் பார்த்தே இருக்கின்றன. பேசுகிறவர் முகம் மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுத்துகள் ஓடி முடிந்ததும் விளக்கைப் பாதி மட்டும் போடச் சொல்லி, எல்லோரையும் நடு வரிசைகளுக்கு நெருங்கி வரச் சொல்வேன். நானும் திரைக்கு முன்னால் நிற்காமல் நடைபாதையில் நிற்பேன். மேடையில் நிற்பவரைக் கண்டால் ஜனங்கள் உரை கேட்கத் தயாராகிவிடுகிறார்கள்.

"படம் பிடித்திருந்ததா?" என்று மட்டும் தொடங்காதீர்கள். ஆம், இல்லை என்று இரண்டு பதில் வரும், அதோடு சரி. கண்ணில் பட்டதைக் கேளுங்கள். புதிய குழுவுக்கு நான் சொல்லும் படம், 1950-ல் வந்த ஜப்பானியப் படமான 'ரஷோமோன்'. 88 நிமிடம்தான். ஒரே மரணத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். "யார் சொன்னது உண்மை?" என்று எல்லோரும் தாங்களாகவே கேட்டுக்கொள்வார்கள். நீங்கள் வேறொன்று கேளுங்கள்: "சாட்சிகளை விசாரிப்பவர் முகத்தை எங்கேயாவது பார்த்தீர்களா?" படம் முழுக்க அவர் முகமும் இல்லை, குரலும் இல்லை. நாங்கள் அதைத் திரையிட்ட அன்று, எட்டு மாதமாக வந்துபோய் ஒரு வார்த்தை பேசாதிருந்த ஒரு பெரியவர், "அப்போ அவங்க நம்மகிட்டதான் சாட்சி சொல்றாங்க" என்றார். அரங்கே திரும்பி அவரைப் பார்த்தது. அதற்கப்புறம் அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை.

நீளமாகப் பேசுகிறவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை அடக்காதீர்கள், "நீங்கள் சொன்ன அந்தக் காட்சியை வேறு யார் கவனித்தீர்கள்?" என்று பேச்சை அடுத்தவரிடம் நகர்த்துங்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு நுழையும்போதே ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிடுங்கள். அவர்கள் எழுதித் தருவதைப் பெயர் சொல்லாமல் வாசிக்கலாம்.

பேச்சு சூடாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நான் ஆபரேட்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தால், வண்டி நிறுத்துமிடத்தில் நாலைந்து பேர் இன்னும் வாதாடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த மாதம் என்ன படம் போடலாம் என்று அவர்களிடம்தான் கேட்பேன்.